போலீஸ் சௌக்கி வரை போன விவரம்

போபோடி, புனே
மே 2003

மரியாதைக்குரிய மச்சான் ஸ்ரீநிவாசன் அவர்களுக்குப் பத்மநாபன் வணங்கி எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை நீலாவும் மகள் காவ்யாவும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியமா என்பதை முழுக்கப் படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்துகொள்ளவும். குடியாத்தத்தில் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்கக் கடவுள் துணை.

பத்தாவதில் நல்ல மார்க்கு வாங்கினாள் என்று மருமகளுக்கு ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தீர்களே, வினை அங்கேதான் ஆரம்பம். இந்த ஊரில் பெண் பிள்ளைகள் வண்டியில் கிளம்பினால் துப்பட்டாவைத் தலை, முகம், கழுத்து என்று சுற்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் முழங்கை வரை கையுறையும் மாட்டிக்கொள்கிறார்கள். கேட்டால் வெயிலாம். பெற்ற அப்பன் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. அதற்காகவே கட்டுவது என்பது என் சந்தேகம். லீவு விட்டதிலிருந்து காவ்யா சிவாஜிநகரில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று தினமும் போகிறாள். மூடி மறைக்கப்போகிற முகத்துக்குக் கிளம்புமுன் பவுடர் எதற்கு, சொல்லுங்கள்? லீவில் வெளியே போகிற பிள்ளை என்று ஆயிரம் புத்தி சொன்னேன். காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள். எனக்கு ஆட்டினாளா, பாட்டுக்கு ஆட்டினாளா தெரியாது.

ஆகவே சென்ற செவ்வாய்க்கிழமை ஃபேக்டரிக்கு லீவு போட்டேன். என் வண்டியை அவளுக்குத் தெரியுமென்பதால், கூட வேலை செய்யும் ஆண்டனியின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு, நீலாவின் பழைய பச்சைப் புடவையில் ஒரு துண்டு கிழித்து நானும் முகத்தைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். கட்கி பஜாரில் அவளைப் போலவே முகம் மூடிய பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நம்பர் பிளேட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவள் வேகமாகப் போனாள், நானும் போனேன். மெதுவாகப் போனாள், நானும் மெதுவாக. சிவாஜிநகருக்கு நேர் ரோடு இருக்க, சந்து சந்தாகத் திரும்பினாள். 'மாட்டினாயடி' என்று எனக்கு ஒரே சந்தோஷம். பெற்ற பெண் தப்பு செய்வதில் அப்பனுக்கு என்ன சந்தோஷம் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. கடைசியில் ஒரு போலீஸ் சௌக்கி வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு அவள் உள்ளே ஓடினாள். ஐயோ, விவகாரம் போலீஸ் வரை போய்விட்டதா என்று, கட்டியதை அவிழ்க்க மறந்து நானும் உள்ளே ஓடினேன்.

அவள் என்னைக் கை காட்டினாள். ஒரு கான்ஸ்டபிள் காலரைப் பிடித்து, முகத்தைக் காட்டு என்று மராத்தியில் அதட்டினார். முடிச்சு இறுகிவிட்டது மச்சான், வரமாட்டேன் என்கிறது. வாயைத் திறந்தால் புடவைதான் உள்ளே போகிறது. அதற்குள் முதுகில் இரண்டு விழுந்தன. பிறகு அவரே கத்தரிக்கோலால் வெட்டினார்.

"அப்பா! நீயா?"

"நீ எதுக்குடி இங்க வந்த?"

"நீதானப்பா சொன்ன! எவனாவது பீச்சே பீச்சே, பின்னாடியே வந்தா வீட்டுக்கு வராத, வீடு தெரிஞ்சிடும். சந்துல திரும்பிப் பாரு, அப்பவும் விடலன்னா நேரா சௌக்கிக்குப் போயிடுன்னு. எவ்ளோ டர் லகா தெரியுமா? செம பயம்ப்பா!"

என் பிள்ளையை இப்படிப் பயமுறுத்தினவன் நானே என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சொன்னதை ஒன்று விடாமல் செய்திருக்கிறாளே என்று பெருமையும் தாங்கவில்லை. கான்ஸ்டபிள் அவளை மெச்சி டீ வரவழைத்துக் கொடுத்தார். எனக்குத் தரவில்லை.

இனி அவளைச் சந்தேகப்படுவதில்லை என்று முருகன் படத்தின் முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். தங்கமான பெண், மச்சான். நீலாதான் இன்னும் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. அங்கே மூத்தவர்களுக்கு என் கும்பிடும், சின்னதுகளுக்கு என் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
முதுகு வலியுடன்,
பத்மநாபன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கட்கி தபாலாபீசில் போட்டுவிட்டு வருவதாகக் காவ்யா கிளம்பி நிற்கிறாள், முகத்தைக் கட்டிக்கொண்டுதான். உறை மேல் குத்திய முத்திரை கட்கியா, வேறு எந்தப் பேட்டையா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து உடனே எழுதவும். பதில் ஆண்டனி விலாசத்துக்கு வரட்டும்.