முயலின் அம்மா கொழுந்து பறிக்கப் போன கதை

என் சின்ன வயதைப் பற்றி மகளிடம் நான் அவிழ்த்துவிட்ட பொய்கள் ஏராளம். ஆனால் இந்த ஒன்றை மட்டும் பொய் என்று தெரியாமலேயே சொன்னேன், சத்தியமாக.

திம்புள்ளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே ஒரு டீவிதான். லொறி பற்றரியில் ஓடும். சாயந்தரம் அதில் சிங்களத்தில் ஒரு கார்ட்டூன் வரும். சிவப்புத் தொப்பி போட்ட முயலும் ஒரு தடிக் கரடியும். எனக்குச் சிங்களம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அக்காதான் காதோரம் தமிழில் சொல்வாள். முயலின் அம்மா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கப் போயிருப்பாள். கரடிதான் வேலை வாங்கும் கங்காணி. முயல் அம்மாவைத் தேடி அலையும். முடிவில் அவள் வந்துவிடுவாள். நான் தினமும் தவறாமல் அழுவேன்.

அந்த முயல் இப்போது புதுப் படமாக, பளபளப்பாக, தமிழும் பேசிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. என் மகள் தாரணிக்கு எட்டாவது பிறந்தநாள். நான் அழுத இடத்தில் அவளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அவளுடைய கூட்டாளிகள் ஒன்பது பேரை எங்கள் அட்டன் வீட்டுக்கு அழைத்து, கேக் வெட்டுவதற்கு முன்பே முழுக் கதையையும் குரல் தழுதழுக்கச் சொன்னேன். (கைக்குட்டை கூடத் தயாராக வைத்திருந்தேன்.)

படம் ஓடியது. முயல் ராக்கெட்டில் ஏறியது. கரடி அதன் உயிர்த் தோழனாம்.

"அப்பா, கங்காணி எங்க?"

"இது புதுசும்மா. கதைய நாசமாக்கிட்டாங்க. பழசுதான் அசல்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். வீம்புக்குப் பழைய சிங்களப் பதிவைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அதே தொப்பி, அதே கரடி. முயல் வாயைத் திறந்தது. இப்போது எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும், அதுதான் வினை. முயல் தேடியது அம்மாவை அல்ல, தின்கிற கரட் கிழங்கை. பத்து நிமிடமும் ஒரே ஒரு கரட்டை!

"அங்கிள், முயலு எப்புடி பெரட்டுக்குப் போகும்?" என்றது ஒரு குட்டி. முப்பது வருடமாக என் மண்டைக்கு இந்தக் கேள்வி உறைக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். தாரணி மட்டும் சிரிக்கவில்லை.

"பொய்யா சொன்னீங்கப்பா?" என்றாள், அத்தனை பேர் முன்னாலும். அது சுட்டது.

சாட்சிக்கு அக்காவை வீடியோவில் அழைத்தேன். அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்ப் பதினோரு வருடமாகிறது. விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது.

"அடப்பாவி, இன்னுமாடா நம்பிக்கிட்டு இருக்க? எனக்கு மட்டும் சிங்களம் தெரியுமா அப்ப? எல்லாம் நானா கட்டிவிட்டதுதான். அம்மா வேல விட்டு வர்ற வரைக்கும் நீ கத்திக்கிட்டே கெடப்ப. முயலோட அம்மா வந்துருச்சுன்னா, நம்ம அம்மாவும் வந்துரும்னு பேசாம இருப்ப."

அக்காவுக்கு அப்போது பத்து வயது. அவளும் அம்மாவுக்காகத்தான் காத்திருந்திருக்கிறாள். அவளுக்கு யார் கதை சொன்னார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கைக்குட்டை எனக்கே தேவைப்பட்டது.

தாரணி என்னிடமிருந்து போனைப் பிடுங்கி டீவிக்கு நேராகப் பிடித்தாள். புதுப் படத்தையே மறுபடி ஓடவிட்டு, டீவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்தாள். "அத்தை, இப்ப நீங்க சொல்லுங்க."

அக்கா சொன்னாள். ராக்கெட்டில் போன முயலுக்கும் அம்மா கிடைத்தாள். கேக்கை எல்லோரும் மறந்தே போனார்கள்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்கப்பா கார்ட்டூனே பாத்ததில்ல, அத்தை சொல்லித்தான் கேட்டுருக்காரு" என்று தாரணி ஆரம்பித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா அழைத்தால்தான் எங்கள் முயலுக்குக் குரல். அவளுக்கு லீவு கிடைக்காத ஞாயிறுகளில் அது சும்மா வாயை அசைத்துக்கொண்டிருக்கும். நான் சத்தத்தைக் கூட்டுவதில்லை. கூட்டினாலும், அக்கா எப்போது வருவாள் என்று அதற்குச் சொல்லத் தெரியாது.