மூன்றாவது பம்பு

கார் மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. நூலகர் சாவியைத் திருகினார். இன்ஜின் இருமியதோடு சரி.

"புது இன்ஜின்னு சொன்னீங்களே?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

"இன்ஜின் புதுசுதான். பெட்ரோல் பம்புதான் பழசு."

பழைய இன்ஜின் போகிற வழியெல்லாம் நின்று மானத்தை வாங்கியதால், அதைக் கழற்றி இரும்புக் கடையில் போட்டுவிட்டு இன்ஜெக்‌ஷன் இன்ஜின் மாட்டியிருந்தார். மனைவி கெடு வைத்துவிட்டாள். வீட்டில் வந்து தங்கியிருக்கும் அவள் அப்பாவை ஞாயிற்றுக்கிழமை இதே வண்டியில் ஸ்டேஷனில் விட வேண்டும். வழியில் நின்றால் வண்டியும் இரும்புக் கடைக்குத்தான். நூலகருக்கு உலகத்தில் பிடித்த பொருள் அது ஒன்றுதான்.

மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "பழைய பம்பு சொட்டுச் சொட்டா ஊட்டும் சார். இன்ஜெக்‌ஷனுக்குப் பீச்சியடிக்கணும். வெளிய ஒரு மின்சார பம்பு மாட்டுவோம்."

மாட்டினார்கள். அது போட்ட ஊளையில் தெரு நாய்கள் வண்டியின் பின்னாலேயே வந்தன. கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றதும், நாய்களும் நின்றன. நூலகர் மூடியைத் திறந்து ஒரு கேன் பெட்ரோல் ஊற்றினார், ஓடியது.

"அப்ப அடியில இருக்கிறதை இழுக்க முடியல. பம்பை டேங்க்குக்குள்ளயே இறக்கிடுவோம்" என்றார் மெக்கானிக்.

டேங்கை வெட்டி இறக்கினார்கள். ஊளை ஓய்ந்தது. ஆனால் இடது பக்கம் திரும்பினால் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட, பம்பு வெறும் காற்றைக் குடித்தது. நூலகர் வலது பக்கமாகவே சுற்றிச் சுற்றி, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தார்.

கடைசியாக, திரும்பும்போதும் பெட்ரோல் தடைபடாமல் வர, டிக்கியில் ஒரு குட்டி டேங்க்கும் அதற்கென்று இன்னொரு பம்பும் வைத்தார்கள். டிக்கியில் ஒரு கைப்பைக்குக்கூட இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். பக்கத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று மெக்கானிக். வண்டி இடது பக்கமும் திரும்பியது, வலது பக்கமும் திரும்பியது. நூலகர் சீட்டி அடிக்கத் தொடங்கினார். ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு முன்னால் வண்டி நின்றது.

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மெக்கானிக் இறங்கிப் பெட்ரோல் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. இன்ஜின் உடனே கிளம்பியது. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பெட்ரோல் குறையக் குறைய உள்ள காத்து போகணும் சார். அதுக்குத்தான் மூடியில ஊசி ஓட்டை வெச்சிருக்கான். அது அடைஞ்சா எந்த பம்பு போட்டாலும், எந்த இன்ஜின் போட்டாலும் நின்னுதான் தீரும். இதை எவனோ பசை வெச்சு அடைச்சிருக்கான்!"

மாமனார் பெட்டிக்கு மேலே தலையை நீட்டினார்.

"எவனோ இல்லப்பா, நான்தான். தூசி போகுதேன்னு நல்லா அடைச்சு விட்டேன். பாவம், அதுக்கு மறுநாள்தான் மாப்பிள்ளையோட பழைய இன்ஜின் கெட்டுப்போச்சு."