எதையும் தாங்காத தூண்

கான்கிரீட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சேர வேண்டிய சிமெண்டையும் கம்பியையும் சேர்த்து, ஈரச்சாக்கு போர்த்தி, கொஞ்ச நாள் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டால் காலத்துக்கும் சொன்ன பேச்சு கேட்கும். சொந்தக்காரர்கள் அப்படியல்ல. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இறுகுவதே இல்லை.

இந்த ஞானம் எனக்குக் காரைக்குடியில், மாமனார் வீடு பால் காய்ச்சிய அன்று கிடைத்தது. கிடைத்தபோது என் சட்டையெல்லாம் பால்.

அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மதுரையில், கட்டடம் தாங்குமா தாங்காதா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே மூத்தவர்கள் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே வாயால் ஒரு கணக்குச் சொல்லிவிடுவார்கள். பீம் எத்தனை அடி நீளமோ அத்தனை அங்குலம் உயரம் வை. பால்கனி வெளியே நீட்டினால், அதற்குப் பின்னால் உள்ள அறையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீட்டாதே. நீட்டலில் பத்தில் ஒரு பங்காவது கனம் கொடு. பிறகு பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு வரும் விடை இந்த வாய்க்கணக்குக்குப் பக்கத்தில் வரவில்லை என்றால், கம்ப்யூட்டரில் யாரோ தப்பாகத் தட்டியிருக்கிறார் என்று பொருள். (அந்த யாரோ பெரும்பாலும் நான்.)

வாய்க்கணக்கு என்னைப் பிடித்து ஆட்டியது. என் கல்யாணத்தில் தாலி கட்டிய கையோடு அண்ணாந்து பார்த்தேன். தெய்வங்களை நினைத்து உருகுகிறேன் என்று ஐயர் நினைத்துக்கொண்டார். மண்டபத்து பீம் முப்பதடி நீளம் இருக்கும், உயரமோ இருபது அங்குலம்கூடத் தேறாது. அதற்குக் கீழே பந்தி போட வேண்டாம் என்று மச்சினனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த மண்டபம் இன்றும் நன்றாக இருக்கிறது. மச்சினன்தான் அதற்கப்புறம் என்னிடம் யோசனை கேட்பதை நிறுத்திவிட்டான்.

மாமாவுக்குக் காரைக்குடிக்கு வெளியே நிலம், நெல்லும் கடலையும். ஊருக்குள் ஒரு மாடி வீடு கட்ட வேண்டும் என்று முடிவு செய்ததும், பிளான் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். குடும்பத்தில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. மாமாவுடைய அண்ணன், எல்லோருக்கும் சிங்கம்புணரிப் பெரியப்பா. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் வருவார். அவர் உட்கார்ந்தாலும் சட்டை நின்றுகொண்டே இருக்கும். "படிச்ச பிள்ளை போட்டா பேப்பர்ல வீடு நல்லாத்தான் இருக்கும்" என்று அவர் சொன்னதாகச் சேதி வந்தது. மாமா குடும்பத்தார் முன்னால் நிமிர்ந்து, "எங்க மாப்பிள்ளை போட்ட பிளான்தான், அதுல ஒரு கோடு மாறாது" என்று சொல்லிவிட்டார். ஆக, வீடு மட்டுமல்ல, மாமாவின் வாக்கும் என் தலையில்.

இதை உணர்ந்த பொறுப்புள்ள இளைஞன் என்ன செய்வான்? ஊரோடு ஒத்துப்போவான். நான் தூணே இல்லாத ஒரு பால்கனி போட்டேன்.

காரைக்குடிப் பக்கம் வீட்டின் கௌரவத்தைத் தூணில்தான் பார்ப்பார்கள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பில் நிற்கும் தூண்களைப் பிரித்துக் கொடுத்தால் எங்கள் தெரு முழுக்கக் காணும். அப்படிப்பட்ட ஊரில், தெருவைப் பார்த்து நாலரை அடி, கீழே எந்தப் பிடிமானமும் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும் கேண்டிலீவர். மாமா பிளானை இங்குட்டும் அங்குட்டும் திருப்பிப் பார்த்தார்.

"தூணு எங்குட்டு மாப்பிள்ளை?"

"தூண் கிடையாது மாமா."

"அடுத்த தாள்ல இருக்கா?"

எந்தத் தாளிலும் இல்லை என்றேன். பின்னால் உள்ள அறை பதினாலு அடி, அதில் மூன்றில் ஒரு பங்குதான் இது, கனம் அஞ்சரை அங்குலம், பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூடவே, கம்பியெல்லாம் மேல்பக்கமாக ஓடி அறைக்குள் ஆழமாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும் என்று ஒப்பித்தேன். கம்பி கட்டி கான்கிரீட் போட்ட அன்று மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்து பக்கத்திலேயே நின்றேன். கான்கிரீட் போடுகிறவர்கள் மிதித்து மேல்கம்பி கீழே இறங்கிவிட்டால் பால்கனி வெறும் கேக்குத் துண்டு. அன்று ஒருவரையும் அதில் மிதிக்க விடவில்லை. (என் வேட்டியை மிதித்தார்கள்.)

கான்கிரீட் இறுகும்வரை கீழே தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகையைப் பிரித்தபோது பால்கனிக்கு நேர் கீழே போய், கைகட்டி நின்றேன். முனையிலிருந்து சுவரை நோக்கி ஒவ்வொரு முட்டாகக் கழற்றினார்கள். கடைசி முட்டும் போனது. பால்கனி அசையவில்லை. நான் கணக்குப் போட்ட ஒன்று முதல்முறையாகக் காற்றில் நின்றது. அந்த மகத்தான கணத்தைப் பார்க்கத் தெருவில் இருந்தது ஓர் ஆடு. அதுவும் சுவரொட்டி தின்றுகொண்டிருந்தது.

மாசியில் பால் காய்ச்சினோம். பால் நன்றாகப் பொங்கியது, எல்லோருக்கும் சந்தோஷம். வந்தவர்கள் கூடம் பார்த்தார்கள், சமையல்கட்டு பார்த்தார்கள், மாடி ஏறினார்கள். பால்கனிக் கதவு வரை வந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒருவர்கூடக் காலை வைக்கவில்லை. மாமாவும் வைக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கீழே கூடத்தில் பெரியப்பா எல்லோரும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, கீழ ஒண்ணும் இல்லாம அது எதைப் பிடிச்சு நிக்கிதுன்னு கொஞ்சம் சொல்றீகளா? நாங்க பட்டிக்காட்டு ஆளுக."

சொல்லியிருந்தால் போதும். நான் செய்து காட்டினேன்.

பக்கத்தில் காய்ச்சிய பால் பாத்திரத்தோடு இருந்தது. பாதிக்கு மேல் பால். அதைத் தூக்கி வலது கையில் பிடித்தபடி கையைத் தோளுக்கு நேராக நீட்டினேன். இந்தத் தோள்தான் அறை, இந்தக் கைதான் பால்கனி, பாத்திரம்தான் அதில் நிற்கும் ஜனம், தோளுக்கு மேலே நரம்பு இழுக்கிறது பாருங்கள், அதுதான் மேல்கம்பி என்று விளக்கத் தொடங்கினேன். வாழ்க்கையில் அத்தனை பேர் என்னை வாய் பார்த்து நின்றது அன்றுதான். அந்தப் போதையில் விளக்கத்தைச் சுருக்காமல் வாய்க்கணக்கு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

என் கையின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் என் கைக்கு இருக்கிறதா என்று மட்டும் நான் கணக்குப் பார்க்கவில்லை.

மூன்றில் ஒரு பங்குக்கு வந்தபோது விரல் நடுங்கியது. கம்பியின் பிடிமானத்துக்கு வந்தபோது முழங்கை நடுங்கியது. நிறுத்தியிருக்கலாம். பெரியப்பா புருவத்தைத் தூக்கினார். அதைப் பார்த்து நான் கையை இன்னும் கொஞ்சம் தூக்கினேன். அவ்வளவுதான், பாத்திரம் கவிழ்ந்தது. பாதிப் பால் என் மேல், மீதி சிங்கம்புணரிச் சட்டையின் மேல். அந்தச் சட்டை மடங்கியதை அன்றுதான் ஊர் பார்த்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பொங்கினால் நல்ல சகுனம், கொட்டினால் என்ன சகுனம் என்று ஒரு விவாதம் ஓடியது. பெரியப்பா துண்டால் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"இப்ப நல்லா வெளங்குச்சு மாப்பிள்ளை. அதுவும் இப்படித்தான் விழுகும்."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

சாப்பிட்டு முடித்து, மச்சினனின் சட்டைக்குள் புகுந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில் சுத்தியல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பால்கனியின் நடுமுனைக்குக் கீழே ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக ஒரு தேக்குத் தூண். எந்தச் செட்டிநாட்டு வீட்டு வளவிலோ நின்று, பழைய சாமான் கடைக்கு வந்து, அங்கிருந்து மாமா கையோடு வந்திருக்கிறது. ஆசாரி ஏணியில் நின்று தூணுக்கும் தளத்துக்கும் நடுவே ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். மாமா, பெரியப்பா, பாதித் தெரு எல்லாம் வேடிக்கை.

எனக்கு உயிர் போய்விட்டது. அவமானத்தில் இல்லை, பயத்தில். கேண்டிலீவருக்குக் கம்பி மேலே இருக்கிறது. முனையில் முட்டுக் கொடுத்து ஆப்பு வைத்துத் தூக்கினால் இழுவை கீழ்ப்பக்கம் மாறும். அங்கே கம்பியே இல்லை. (இன்றைய அனுபவத்தில், நாலரை அடிக்கு ஓர் ஆப்பு அப்படி ஒன்றும் உலகத்தை அழித்துவிடாது என்று சொல்வேன். அன்று எனக்கு அந்த அனுபவம் இல்லை, பால் வாசனைதான் இருந்தது.)

"மாமா, நிறுத்தச் சொல்லுங்க. அந்தத் தூணாலதான் பால்கனி ஒடையும்."

"தூணு குடுத்தா ஒடையுமா?" மாமா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. "என்ன மாப்பிள்ளை சொல்றீக? முட்டுக் குடுக்குறதே ஒடையாம இருக்கத்தானே?"

"இது மேல தொங்குற மாதிரி செஞ்சது மாமா. கீழ இருந்து தூக்கினா அதுக்குத் தாங்கத் தெரியாது."

இன்னொரு முறை செய்து காட்டலாம்தான், வீட்டில் பால் இல்லை.

மாமா என்னை மாடிப்படி ஓரமாகத் தனியே அழைத்துப் போனார். "பங்குனியில பால்குடம் இந்தத் தெருவழியா வரும். சொந்தமெல்லாம் மேல நின்னு பாக்கணும்னுதான் நான் இதையே கேட்டேன். ஒருத்தரும் ஏறலேன்னா, நான் குடுத்த வாக்கு என்ன ஆகுறது? நீங்க போட்ட பிளானு என்ன ஆகுறது?" என்றார். எனக்காகத்தான் அவர் தூண் வாங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

தூண் இருந்தால் என் பால்கனி போகும். தூண் போனால் மாமாவின் வாக்கு போகும்.

என் மனைவி அமுதா பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். சண்டைக்கு நின்ற ராஜாக்கள் ஒப்பந்தம் போட்ட கதையைத் தினமும் சொல்கிறவள். படியில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"அப்பா, தூணு ஊருக்குத் தெரியணும், அம்புட்டுத்தானே? ஏங்க, தூணு மேல தொடக் கூடாது, அம்புட்டுத்தானே? உச்சியில ஒரு விரல்கடை அறுத்துவிடுங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும், இது பாட்டுக்கு நிக்கட்டும்."

பொறியியல் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தராத தீர்வு. பெரியப்பா ஊருக்குக் கிளம்பியதும் ஆசாரி ஆப்பைத் தட்டி எடுத்து, தூணின் உச்சியில் ஒரு விரல்கடை அறுத்து, அடியைத் தரையில் இறுகப் பதித்தார். இடைவெளி தெரியாமல் சுற்றிலும் ஒரு மரப்பட்டை அடித்து, பக்கவாட்டில் மட்டும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை சின்னதாக ஒரு சந்து விட்டோம். பால்கனி தன்னால் நின்றது. தூணும் தன்னால் நின்றது, எந்தப் பாரமும் இல்லாமல், முகத்தில் முழுப் பெருமையோடு. எனக்கு அது யாரையோ ஞாபகப்படுத்தியது.

பங்குனியில் பால்குடம் வந்தது. அன்று காலை முதல் ஆளாகப் பால்கனியில் ஏறியவர் பெரியப்பா. "இப்ப ஏறலாம், தூணு இருக்கு" என்று அவரே மற்றவர்களையும் அழைத்தார். அத்தை, சித்தி, பிள்ளைகள், பக்கத்து வீடு என்று மேலே இடமே இல்லை. மஞ்சள் புடவைகளும் மேளமுமாகத் தெரு நிறைந்தது. நான் சென்ட்ரிங் பிரித்த அன்று நின்ற அதே இடத்தில் கைகட்டி நின்றேன்.

மாமா என் பக்கத்தில் வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து புதுமனை புகுவிழாப் பத்திரிகை ஒன்றை எடுத்தார். ஏணியில் ஏறி, சந்து வழியாக அதைத் தூணின் தலைக்கு மேல் விட்டார். பத்திரிகை சுளுவாக ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. மறுபடி விட்டார், மறுபடி வந்தது. மேலே அத்தனை ஜனம் நின்றும் பால்கனி தூணைத் தொடவில்லை.

மாமா ஏணியில் நின்றபடியே பத்திரிகையை மறுபடி வேட்டி மடிப்பில் செருகினார். மேலிருந்து பெரியப்பா, "தம்பி, தூணு நல்லா தாங்குதுடா" என்று குரல் கொடுத்தார்.

"ஆமாண்ணே," என்றார் மாமா என்னைப் பார்த்துக்கொண்டே. "நல்லாத் தாங்குது."

பெரியப்பாவுக்கு இன்றுவரை உண்மை தெரியாது. ஒவ்வொரு பால்குடத்துக்கும் வருகிறார், தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார். ஆயுத பூஜைக்கு அந்தத் தூணுக்குச் சந்தனப் பொட்டு உண்டு. விசேஷ வீட்டில் நான் ஒரு வேலையும் செய்யாமல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தால், "தூணு வந்திருச்சு" என்று மச்சினன் வாட்ஸப் குழுவில் போடுவான். அதன் பிறகு நான் கணக்குப் போட்ட கட்டடங்கள் பல மாடி ஏறிவிட்டன. குடும்பத்தில் நான் அறியப்படுவது நாலரை அடிக்குத்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எத்தனை பேருக்கு, தான் செய்த வேலை தாங்குவதை வருஷா வருஷம் கீழே நின்று பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது?

வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையையும் படிப்பதற்கு முன் மாமா அந்தச் சந்தில் ஒருமுறை விட்டுப் பார்ப்பார். போன மாதமும் ஒன்று வந்தது. இப்போது அவர் ஏணி ஏறுவதில்லை, என்னிடம் கொடுத்தார். விட்டேன். பாதி போய் நின்றுவிட்டது. தள்ளினேன், போகவில்லை. அமுதா, மச்சினன் எல்லோரும் ஏணியடிக்கு வந்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் முதல்முறை.

மாமா கையை நீட்டினார். பத்திரிகையை இழுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைத் திருப்பினார். நகைப்பெட்டி கனத்துக்கு அட்டை, அதன் மேல் பித்தளையில் ஒட்டிய பிள்ளையார். பால்கனியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அது எறங்கல மாப்பிள்ளை" என்றார். "பத்திரிகைதான் பெருத்துப்போச்சு. வேற ஒண்ணு எடுத்துட்டு வாங்க."