ஃப்ரீசருக்கு என்ன கேடு?

"அது சரியில்லடா. மெக்கானிக்க மறுபடியும் கூட்டியா" என்றாள் தைலம்மாள்.

அரங்கநாதன் ஃப்ரீசரின் மேல்மூடியைத் தூக்கிக் காட்டினான். உள்ளே பால் ஐஸ் கல்லாக இருந்தது. ஒன்றை எடுத்துத் தரையில் தட்டினான். தரைதான் பெயர்ந்தது.

"இதுக்கு மேல இன்னாம்மா ஐஸ் ஆவணும்?"

"ஐஸ்லாம் ஆவுது. ஆனா நல்லால்ல."

இந்த அம்மாளிடம் பேசி யார் ஜெயிப்பது?

கச்சிராயபாளையத்தில், கோமுகி அணைக்குப் போகிற ரோட்டில் அவர்கள் வீடு. முன்னறை ஐஸ் கடை. நடு அறையில் ஃப்ரீசர். அப்பா பாவாடை பாண்டிச்சேரியில் பழசாக வாங்கி வந்தது. வீட்டில் வேறு இடம் இல்லாததால், அதை ஒட்டித்தான் அவரும் தைலம்மாளும் பாய் விரிப்பார்கள்.

அந்தப் பாவாடை இப்போது இல்லை. போன மாசம், செப்டம்பரில், இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததல்லவா, அதில் முதல் நாளே அவரும் பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணும் சேர்ந்து ரோட்டோரப் புளியமரம் இரண்டை அறுத்துத் தள்ளினார்கள். சின்னக்கண்ணைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பாவாடை கரும்புக்குள் ஓடித் தப்பினார். நாலாம் நாள் அவருக்கு நெஞ்சுவலி. வழி நெடுக மரம், வண்டி போகாது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தான் அறுத்த மரங்களை மனுஷன் உயிரோடுதான் தாண்டினார். ஏழாவது மரத்தில் போய்விட்டார்.

ஜெயிலில் இருந்த சின்னக்கண்ணுக்கு இது தெரியாது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு, இருபது வருஷம் சண்டை போட்டே பழகிய சிநேகிதர்கள். மனு போட்டுப் பார்க்கப் போன அவர் பெண்டாட்டி ராஜாம்பாள், "உள்ள கெடக்கிற மனுசன்கிட்ட இத்த வேற சொல்லணுமா?" என்று வாயைத் திறக்காமலே திரும்பி வந்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் ஃப்ரீசரும் படுத்துக்கொண்டது. ஓடியது, ஆனால் ஐஸ் எல்லாம் பாயசம். கள்ளக்குறிச்சி மெக்கானிக் அம்மாசி சைக்கிளில் வந்து பார்த்தான்.

"காயலான் கடைக்குப் போட்டுடு அரங்கா. கெழட்டு மாட்டுக்கு லாடம் அடிச்சிக்கினு."

"ரிப்பேர் பண்ணு" என்றாள் தைலம்மாள்.

அம்மாசி கேஸ் ரொப்பினான். கம்ப்ரஸர் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. கர்ரென்று இழுக்கும், நடுவில் நிற்கும், மறுபடி கர்ரென்று இழுக்கும். நல்ல மனசுக்காரன், அதன் நட்டுகளையும் ஓசியில் இறுக்கிக் கொடுத்தான். இரைச்சல் ஒரே சீரானது.

அன்று முதல் தைலம்மாளுக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு வாரத்தில் கண் குழிக்குள் போய்விட்டது. கிணற்றடியில் தலை சுற்றி விழுந்தாள். கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "தூங்கலன்னா ஆள் தேறாது. காதுகிட்ட மிஷின் ஓடினா எப்பிடி தூக்கம் வரும்? சத்தத்தக் கம்மி பண்ணுங்க" என்றார்.

அரங்கநாதனுக்கு அப்பனைத் தூக்கிப் போட்ட தோள் இன்னும் ஆறவில்லை. அதற்குள் அம்மாவுமா? சாக்கை மடித்து ஃப்ரீசருக்கு அடியில் வைத்தான். சத்தம் பாதியானது. தைலம்மாள் சோற்றையும் பாதியாக்கினாள். அம்மாசியைக் கூப்பிட்டுக் கம்ப்ரஸருக்குப் புது ரப்பர் போட்டான். சத்தம் சுத்தமாக நின்றது. தைலம்மாள் ஃப்ரீசர் மூடியில் காதை வைத்துக்கொண்டு, விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

இப்போது மூன்றாவது முறையாக வந்து நின்ற அம்மாசிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பெரியம்மா, தொட்டுப் பாருங்க, கை ஒட்டிக்கும். சத்தம்னு பேர் கெடையாது. இன்னாதான் கொற?"

தைலம்மாள் முந்தானையைத் திருகினாள். ஏதோ சொல்ல வந்து, வெட்கப்பட்டவள்போல விழுங்கிக்கொண்டாள்.

"மொத இருந்த மாதிரி இல்லப்பா."

"போதும்டாப்பா!" என்றான் அரங்கநாதன். "இது வூட்ல இருக்கிற வரைக்கும் அம்மா தூங்காது. பிடி அம்மாசி, காயலான் கடைக்கே போவட்டும்."

இரண்டு பேருமாக வாசல் வரை இழுத்தார்கள். தைலம்மாள் நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னத் தாண்டிக்கினு எடுத்துப் போ."

போன மாசம் மரம் தாண்டிய கால்கள் அவனுக்கு. அம்மாவைத் தாண்ட வரவில்லை. திரும்ப உள்ளே தள்ளினார்கள். தள்ளிய தள்ளலில் புது ரப்பர் இரண்டு பிய்ந்து உருண்டன. ஸ்விட்சைப் போட்டதும் பழைய கதைதான். கர்ரென்று இழுத்தது, நின்றது, மறுபடி கர்ரென்று இழுத்தது. பாத்திரமெல்லாம் அதிர்ந்தது.

"கெட்டது போ! ஸ்பேனர் எடுத்தாரேன்" என்று அம்மாசி சைக்கிளுக்கு ஓடினான்.

பக்கத்து வீட்டில் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. ராஜாம்பாள் விடிகாலையே களை எடுக்கப் போயிருந்தாளே, யார் என்று யோசிக்கவும் அரங்கநாதனுக்குத் தெம்பில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

வந்தவன் அப்படியே நின்றான். நட்ட நடு மத்தியானத்தில், அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் தைலம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை ஃப்ரீசர் மேல் கிடந்தது.

"இந்த சத்தத்துல எப்பிடிடா தூங்குது?" என்றான் அம்மாசி, ஸ்பேனரும் கையுமாக. "நிறுத்திடட்டா?"

அரங்கநாதன் பதில் சொல்வதற்குள், அந்தப் பக்கத்திலிருந்து சுவரை யாரோ தடதடவென்று குத்தினார்கள். ஜாமீனில் வந்து அப்போதுதான் படுத்த சின்னக்கண்ணின் குரல் கேட்டது.

"யோவ் பாவாட! ஜெயில்ல கூட நிம்மதியா தூங்கனேன்யா நானு! வூட்டுக்கு வந்து படுத்தா, உடனே ஆரம்பிச்சிட்டியா உன் கொறட்டய?"