கதவில்லாத வீட்டின் விலாசம்

திருச்சியில் போலீஸ் சந்தேகப்பட்ட ஆட்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். போலீஸையே நிற்க வைத்துச் சந்தேகப்பட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் டவுட்டு அண்ணன்.

தொழில் மரவேலை. குடியிருப்பது பொன்மலைப் பக்கம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கேட்டால், "எதுக்குக் கேக்குறீங்க?" என்பார். அதோடு ஊர் அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டது.

கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்குப் பதினோரு வருஷமாக வேலைக்கு வருகிறார். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தால் டம்ளரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். "இன்னும் எதும் வேலை வச்சிருக்கீங்களா?" அளப்பதற்கு மூன்று டேப் வைத்திருப்பார். ஒன்றை நம்பாமல் இரண்டாவது, இரண்டையும் நம்பாமல் மூன்றாவது. மூன்றும் ஒரே அளவைக் காட்டிவிட்டால், மூன்றும் கூட்டுச் சேர்ந்துவிட்டன என்பார்.

இப்படிப்பட்டவருடைய மொபெட்டின் முன்னால் எப்போதும் ஒரு காக்கிப் பை கிடக்கும். உள்ளே ரம்பம், உளி, சுத்தியல், டிரில்லிங் மெஷின். பக்கவாட்டில் கயிறு போட்டுக் கட்டிய குட்டிக் கடப்பாரை. எந்தப் போலீஸ்காரர்தான் சும்மா விடுவார்? வாரத்துக்கு இரண்டு முறையாவது நிறுத்துவார்கள். அண்ணனும் பையைத் திறந்து காட்டுவார். ஆனால் அவர்கள் பார்த்து முடித்ததும், அங்கேயே ரோட்டோரம் குத்தவைத்து ஒவ்வொரு சாமானாக எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை போலீஸ்காரர் எங்கேயும் போகக் கூடாது.

ஒருமுறை பென்சிலைக் காணவில்லை. "பென்சில் வராம வண்டி நகராதுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். கடைசியில் பென்சில் அந்தக் காவலரின் சட்டைப் பையிலேயே இருந்தது. வண்டி நம்பர் எழுத எடுத்தவர் மறந்துவிட்டாராம். அண்ணன் அடுத்த முறையிலிருந்து இரண்டு தடவை எண்ண ஆரம்பித்தார்.

போன வருஷம் எங்கள் ஏரியாவில் ஒரு வீட்டின் பின்கதவைக் கடப்பாரையால் நெம்பித் திருடிவிட்டார்கள். மறுநாளிலிருந்து நகரம் முழுக்க வாகனச் சோதனை. அந்த வாரத்தில் ஒரு காலை, காவிரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலையில் அண்ணனை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தியது புதிதாக மாறுதலில் வந்திருந்த எஸ்.ஐ. அம்மா.

"பையில என்ன?"

"யாரு கேக்குறது?"

"பாத்தா தெரியலையா? போலீஸ்."

"அத நீங்கதானங்க சொல்றீங்க."

ஐந்தாவது நிமிஷம் அண்ணன் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தார். அரை மணி நேரத்தில் எனக்குப் போன் வந்தது. கடைசியாக அவர் பேசியிருந்த நம்பர் என்னுடையதாம். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

மேஜைமேல் கடப்பாரை. அதற்குப் பின்னால் எஸ்.ஐ. அம்மா, தலையைப் பிடித்துக்கொண்டு.

"கடப்பாரை எதுக்குன்னு கேட்டா வாசல் நிலையை நிமித்தன்னு சொல்றாரு. எந்த வீட்டு நிலைன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாரு சார்."

"சொல்லித் தொலைங்கண்ணே!" என்றேன்.

"எப்படிங்க சொல்றது? ஸ்ரீரங்கத்துல இருக்கு. நாளைக்குக் கிரகப்பிரவேசம். வாசக்கதவு இன்னும் மாட்டல. கதவு இல்லாத வீட்டுக்கு அட்ரஸ் குடுத்தா, யாரு எப்பப் போவாங்கன்னு நமக்குத் தெரியுமா?"

சொல்லும்போது அவர் பார்வை ஒவ்வொரு காவலராகச் சுற்றி வந்தது. ஸ்டேஷனில் ஓர் ஏட்டு சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்.

எஸ்.ஐ. அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க எங்க இருக்கீங்க?"

"கே.கே. நகர்."

"திருட்டு நடந்த இடம்." பேனாவை எடுத்தார். அதுவரை சாட்சியாக நின்ற நானும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிட்டேன். "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியாதுங்க."

"அண்ணே!"

"யாருன்னே தெரியாதுங்க."

"போன்ல இவரு நம்பர் இருக்கே?"

"கேஸ் கம்பெனி நம்பர்கூடத்தான் இருக்கு. அவங்கல்லாம் சொந்தக்காரங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "மேடம், எங்க வீட்டு அடுப்படி அலமாரியை இவருதான் செஞ்சாரு. வந்து பாருங்க, மூணாவது தட்டு இன்னிக்கும் சாஞ்சுதான் கிடக்கு!"

அண்ணன் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "தட்டு சாயலைங்க! உங்க வீட்டுச் சுவரு சாஞ்சிருக்கு! அன்னிக்கே ரசமட்டம் வச்சுக் காமிச்சேனா இல்லையா? உங்க சம்சாரமும் பாத்தாங்களே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

எஸ்.ஐ. அம்மா பேனாவை மூடினார். அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். இருந்தாலும் நேரில் பார்க்காமல் விடுவதாயில்லை. ஒரு காவலரை எங்களோடு அனுப்பினார். "அவரு முன்னாடி போகட்டும், நான் பின்னாடி வரேன்" என்று அண்ணன் அடம்பிடித்தார். வழி தெரியாத காவலர் முன்னால் போக, தெருவுக்குத் தெரு பின்னாலிருந்து அண்ணன் கத்த, ஒருவழியாக ஸ்ரீரங்கம் வீட்டை அடைந்தோம். வாசலில் வெறும் நிலை நின்றது. உரிமையாளர் போலீஸைப் பார்த்துப் பதறி, பிறகு அண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். காவலர் நல்ல மனிதர். கதவை மாட்டும்போது ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார். "அசைக்காதீங்க" என்று அவரையும் நாலு முறை அதட்டினார் அண்ணன்.

சாயங்காலம் வேலை முடிந்து டீக்கடையில் நின்றோம். எனக்கு ஆறவில்லை. "பத்து வருஷப் பழக்கம். ஒரே வார்த்தையில தெரியாதுன்னுட்டீங்களேண்ணே?"

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "காலேஜ் போற பொண்ணு வச்சிருக்கீங்க. அந்தம்மா பேனாவ எடுத்துட்டாங்க. திருட்டுக் கேசு நோட்டுல அப்பன் பேரு ஏறினா, அந்தப் புள்ளை தலை நிமிந்து போக முடியுமா? நான் எப்படியும் வெளிய வந்துருவேன். அதான் தெரியாதுன்னேன். நீங்கதான் நடுவுல தட்டை இழுத்துட்டீங்க."

திரும்பும்போது அந்தக் காக்கிப் பையை மடியில் வாங்கிக்கொண்டு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தேன். பாலம் ஏறுவதற்குள் பையின் கனத்தில் தொடை மரத்துப்போயிற்று. வீடு வரும்வரை நான் அதை அவரிடம் சொல்லவில்லை.