விளக்குக் கம்பத்தில் மூன்று பேர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கழுத்துச் சுளுக்கோடு அலைகிறவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி விசாரித்தால், அத்தனை பேரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுவார்கள். அவர்தான் மேலபாரு. அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நாங்கள் வேலை பார்த்தது கம்பி உருட்டும் ஆலை ஒன்றில். அவர் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன், நான் ஸ்டோர். வாடகைக்கு இருந்ததும் ஒரே காம்பவுண்டில், அடுத்தடுத்த போர்ஷன். நான் அடிப்படையில் களைத்துப்போன ஆள். வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறி மாறி, எப்போது தூங்க வேண்டும் என்பதே என் உடம்புக்கு மறந்துவிட்டது. இப்படிப்பட்டவனுக்குப் பக்கத்து வீட்டில், பருந்தைப் போட்டோ எடுப்பதற்கென்றே பிறந்த ஒருவரைக் கொண்டுவந்து குடி வைத்த ஆண்டவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சாதாரணப் பறவைகளை அவர் மதிக்க மாட்டார். மயிலே தோகை விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாலும், "தள்ளு நைனா, மறைக்காத" என்பார். வளைந்த மூக்கும் கூர்நகமும் இருந்தால்தான் காமெரா பையைத் திறப்பார். அந்தக் காமெராவைச் சென்னையில் யாரிடமோ பழசாக வாங்கியிருந்தார். லென்ஸ் முழங்கை நீளம் இருக்கும். வெயில் படக்கூடாதென்று அதைப் பழைய லுங்கியில் சுற்றி, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டியிருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் கைக்குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறவர் மாதிரி இருக்கும். பஸ்ஸில் சில பெண்கள் எழுந்து இடம் கொடுத்ததும் உண்டு. அவரும் மறுக்காமல் உட்கார்ந்துகொள்வார்.

ஐப்பசி மழை விட்டதும் ஏரிக்கு விராலடிப்பான் வரும். மீனைக் காலால் அடித்துத் தூக்கும் பருந்து. நான் ஷிப்டு முடித்து, சாப்பிட்டுப் பாயை விரிக்கும் நேரம் பார்த்துத்தான் கதவு தட்டுவார்.

"இன்னா நைனா, தூங்கப் போறியா? விராலடிப்பான் வந்துக்குது! ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்து தூங்கேன்."

"ணா, கண்ணு எரியுதுணா."

"எரியுற கண்ண வச்சிக்கினு சும்மா படுத்துனு இருந்தா ஆறிடுமா? ஏறு வண்டில."

ஏரிக்கரையில் கால் புதையும் சேற்றில் நின்றுகொண்டிருப்போம். பறவை வரவே வராது. வந்தால் ஒரே ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் அவர் செய்கிற காரியம்தான் அவர் பெயருக்குக் காரணம். விரல் பட்டனை அமுக்கும்போதே, தொண்டை கிழிய, "மேல பாரு! மேல பாரு!" என்று கத்துவார். கத்துகிற வேகத்தில் உடம்பே குலுங்கும். காமெரா சும்மா இருக்குமா? அத்தனை வருஷத்தில் அவர் எடுத்த படங்களில் வானம் உண்டு, மின்கம்பி உண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வால் உண்டு. முழுப் பருந்து ஒன்றுகூட இல்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ணா, கத்தாம எட்த்தா இன்னாணா? கை ஆடுதில்ல?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் மட்டும் பாத்துக்கினு, பக்கத்துல இருக்கிற நீ பாக்காம வுட்டா, அது இன்னா நைனா நியாயம்?"

தை பிறந்து அறுப்பு முடிந்தால் பூனைப்பருந்துக் காலம். வெளிநாட்டிலிருந்து வந்து, அறுத்த வயலுக்கு மேலே தாழப் பறக்கும். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு வயலில், பச்சைக் கலர் டார்ப்பாலினைப் போர்த்திக்கொண்டு முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தார். நான் வரப்பில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே கையில் மண்வெட்டியோடு வயல்காரர். பின்னால் அவர் தம்பிகள் இரண்டு பேர். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். காமெராவோடு வருகிற எவனும் அவர்களுக்குச் சர்வேயர்தான்.

"யோவ், யாரு நெலத்த அளந்துக்கினு இருக்கீங்க?"

"அளக்கலணா. பருந்து புடிக்கிறோம். போட்டோல" என்றேன்.

"எங்க, காட்டு."

மேலபாரு பெருமையாகக் காமெராவை நீட்டினார். வயல்காரர் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். வானம். வானம். பனைமரத்தில் பாதி. மறுபடியும் வானம். தம்பிகள் பக்கம் திரும்பி, "நெலம் எடுக்க வந்தவன் இவ்ளோ கேவலமா போட்டோ எடுக்க மாட்டான். வுடுங்கடா" என்றார். மோர் கொடுத்து அனுப்பினார்கள். அதைக் குடித்துவிட்டு வரும்போது மேலபாரு சொன்னார்: "பாத்தியா, நம்ம படத்தாலதான் உசுரு பொழைச்சோம்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மாசி மாதம் வந்தது. எங்கள் ஆலை முற்றத்தில் ஓர் உயரமான விளக்குக் கம்பம் உண்டு. உச்சியில் வளையமாக விளக்குகள். பழுது பார்க்க வேண்டுமானால் மோட்டாரைப் போட்டு வளையத்தையே கீழே இறக்கலாம். அந்த வளையத்தில் ஒரு ஜோடி கள்ளப்பருந்து கூடு கட்டியது. கேன்டீன் வாசலில் நம் கையில் இருக்கும் ஆம்லெட்டைப் பறித்துக்கொண்டு போகிற அதே பருந்துதான். சுள்ளி, கட்டுக்கம்பி, கிழிந்த கையுறை, யாருடைய ஐ.டி. கார்டு கயிறோ ஒன்று, எல்லாம் சேர்த்துக் கட்டிய கூடு. பங்குனி பிறப்பதற்குள் உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்டது. மேலபாரு நாஷ்டாவைக்கூட அந்தக் கம்பத்தடியில் நின்றபடியேதான் சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து சேஃப்டி ஆடிட் வருவதாகச் செய்தி. வளையத்தில் இரண்டு விளக்குகள் எரியவில்லை. "திங்கக்கெழம வளையத்த எறக்கு. பல்பு மாத்து. அந்தக் குப்பையையும் தள்ளி வுட்டுடு" என்று மேனேஜர் உத்தரவு போட்டார்.

"சார், உள்ள குஞ்சு இருக்கு சார். ரெக்கை மொளைக்கல."

"குஞ்சு இருக்குன்றதுக்கு ப்ரூஃப் இன்னா?"

மேலபாரு தன் படத்தைக் காட்டினார். மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாய்யா, மழை மேகமா?" ஜெனரல் ஆபீஸே சிரித்தது. மேலபாரு சிரிக்கவில்லை. கையில் இருந்த டெஸ்டரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு வெளியே போனார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இங்கே ஆலைச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மிஷினுக்குள் கை விட்டு வேலை செய்கிற எலக்ட்ரீஷியன், முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தச் சிவப்புப் பூட்டைப் போடுவான். தன் பெயர் எழுதிய அட்டையையும் மாட்டுவான். சாவி அவனிடம் மட்டும். அவன் கையால்தான் பூட்டைத் திறக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. உள்ளே இருக்கிறவனின் உயிர் அந்தப் பூட்டில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை கம்பத்தின் சுவிட்சுப் பெட்டியில் சிவப்புப் பூட்டு தொங்கியது. அட்டையில் மேலபாருவின் கையெழுத்து. 'உள்ளே இருப்பவர்கள்' என்ற இடத்தில் 'மூன்று பேர்' என்று எழுதியிருந்தார்.

மேனேஜர் குதித்தார். "எப்ப தொறப்பே?"

"உள்ள இருக்கிறவங்க வெளிய வந்ததும் தொறந்துடுறேன் சார்."

"உன் காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அந்த ஒரே பூட்டில் மோட்டாரும் போச்சு, மொத்த விளக்கும் போச்சு. இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் முற்றத்தில் செல்போன் வெளிச்சத்தில் தடவிக்கொண்டு நடந்தோம். நானே இரண்டு தடவை முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். "பேஜாருணா உன்னால" என்று அவரைத் திட்டாதவர் இல்லை. ஆனால் பூட்டில் கை வைக்க ஒருவனும் துணியவில்லை. அவனவன் பூட்டு நாளைக்கு எங்கே தொங்குமோ, யாருக்குத் தெரியும்?

ஆடிட்டர் வந்தார். கம்பத்தடியில் நின்று அட்டையைப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மூணு பேர் உள்ளேயா? எங்கே சார்?"

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து மேலபாரு பக்தியோடு சொன்னார்: "மேல பாரு சார்."

ஆடிட்டர் பார்த்தார். மேனேஜரும் வேறு வழியில்லாமல் பார்த்தார். வளையத்து ஓரத்தில் மூன்று தலைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. ஆடிட்டர் அட்டையை இன்னொரு தடவை படித்துவிட்டு, "பூட்டு விஷயத்துல ரொம்ப கரெக்டா இருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மாதம் முடிந்தது. காண்ட்ராக்டும் முடிந்தது. ஆனால் ஆளை அனுப்ப முடியவில்லை. ஆடிட்டரே பாராட்டிய பூட்டை யார் உடைப்பது? கம்பெனி வரலாற்றிலேயே முதல்முறையாக, பருந்துக் குஞ்சுக்கு ரெக்கை முளைக்கும்வரை ஒருவருக்கு வேலை நீட்டிப்பு கிடைத்தது.

சித்திரை வெயிலில் முதல் இரண்டும் பறந்தன. மூன்றாவது பயந்தாங்கொள்ளி. அது கிளம்பிய மதியம் நான் ஷிப்டு முடித்து, செத்த நடையில் கேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டோர் மொட்டைமாடியிலிருந்து அந்தக் குரல்: "மேல பாரு! நைனா, மேல பாரு!"

பார்த்தேன். குஞ்சு வளையத்திலிருந்து விழுந்தது. விழுந்தேவிட்டது என்று நினைத்தபோது ரெக்கை காற்றைப் பிடித்தது. என் தலைக்கு ஒரு கை உயரத்தில் கடந்து, ஷெட்டைத் தாண்டி மேலே ஏறிப் போயிற்று.

அன்று மாலையே மேலபாரு பூட்டைத் திறந்து சாவியை ஒப்படைத்தார். மறுநாள் வீட்டைக் காலி செய்தார். ஆந்திர எல்லை தாண்டி ஏதோ ஓர் ஆலையில் இடம் கிடைத்திருந்தது. போகும்போது ஒரு கவரைக் கொடுத்தார். "குஞ்சு தப்பிச்சிக்கினு போச்சு நைனா. கத்தி முடிச்சப்புறம் வெரலு தானா அமுக்கிச்சு. இதான் வந்துச்சு."

அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே தெளிவான படம் அதுதான். அதில் பருந்து இல்லை. நான் இருக்கிறேன். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு, வானத்தைப் பார்க்கிறேன்.

ஹாலில் மாட்டியிருக்கிறேன். "இன்னா பாத்துக்கினு இப்படி நிக்கிறீங்க? பைத்தியம் மாதிரி" என்று என் மனைவி கேட்பாள். கல்யாணப் போட்டோ உட்பட, வீட்டில் இருக்கிற எல்லாப் படத்திலும் நான் களைத்துப் போயிருக்கிறேன். அவர் எடுத்த இந்த ஒன்றில் மட்டும் இல்லை.