ஸ்டாப் அக்கா மடித்த தாள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனை அச்சு இயந்திரம் ஓடினாலும், அத்தனையையும் ஒரே சொல்லில் நிறுத்தக்கூடிய ஜீவன் ஒன்றுதான்: எங்கள் தண்டையார்பேட்டை அச்சகத்தில் பிழை திருத்திய ஸ்டாப் அக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. "ஸ்டாப்!" என்று கத்தினால் மிஷின் மட்டுமா, தெருவில் போகும் கன்டெய்னர் லாரியே பிரேக் போடும்.

நியாயமா இது? காற்புள்ளி விட்டுப்போனால் ஸ்டாப். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பட்டம் மேல் சந்தேகம் வந்தால் ஸ்டாப். அதோடு விடுவாரா? மாப்பிள்ளைக்கே போன் போட்டு, "இன்னா நைனா, அரியர்லாம் முட்ச்சிட்டியா?" என்று விசாரணை வேறு. உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. படித்தவர் ஏன் இங்கே வந்து என் உயிரை வாங்குகிறார் என்று பல்லைக் கடிப்பேன். கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பவன் நான். அவர் நிறுத்தும்போதெல்லாம் திட்டு எனக்குத்தான்.

போன வருடம் பிளஸ் டூ உயிரியல் கைடு ஓடிக்கொண்டிருந்தது. "ஸ்டாப்!"

முதலாளி அண்ணாச்சி ஓடி வந்தார். "இப்ப என்னம்மா?"

"'நொதிகள் அனைத்தும் புரதங்களே'ன்னு கீது அண்ணாச்சி. தப்பு. சில ஆர்.என்.ஏ.வும் நொதிதான்."

"எழுதுனது பெரிய வாத்தியாரு. அவருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமோ?"

அக்கா, பதினாறு பக்கம் அச்சான பெரிய தாள் ஒன்றை உருவினார். "தோ, இந்தக் கோடியில ரெண்டாம் பக்கம், அந்தக் கோடியில மூணாம் பக்கம். மட்ச்சா மூஞ்சிக்கு மூஞ்சி வருதா? ஆர்.என்.ஏ. இழையும் இப்டித்தான் மடியும். அதுல ஏ, யூ, ஜி, சின்னு எங்கியோ கீற எழுத்துங்க பக்கத்துல வந்து குந்திக்கும். ஒண்ணு புரோட்டானைப் புடுங்கும், இன்னொண்ணு குடுக்கும். நடுவுல இழை அறுந்துடும்."

"கத்தியில்லாமலா?" அண்ணாச்சி எரிச்சலோடு தாளைப் பிடுங்கினார். விரலைக் கிழித்துக்கொண்டு வந்தது தாள்.

"பாத்தியா! எழுத்து கீற தாளே அறுத்துச்சுல்ல? அதான் அண்ணாச்சி ஆர்.என்.ஏ.!"

விரலைச் சப்பிக்கொண்டே அண்ணாச்சி செல்போனை எடுத்தார். "வாத்தியார்ட்டயே கேக்கேன். அவரு சொல்லட்டும்."

அக்காவின் குரல் சட்டென்று இறங்கியது. "போனு வாணாம் அண்ணாச்சி. அந்த வரிய மட்டும் மாத்திடுங்க."

"மாத்துதேன். ஆனா இப்படித் தெனமும் மிஷின நிறுத்துனா நான் கடைய மூட வேண்டியதுதான். நாளையில இருந்து நீ வரப்படாது."

"சரி."

எனக்கு ரத்தம் கொதித்தது. வியாசர்பாடி வீட்டில் அவர் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. ஒரு வரிக்காக யாராவது வேலையை விடுவார்களா? ஒரே ஒரு போன் போட்டால் தீர்ந்திருக்குமே! இது வீம்பா, பைத்தியமா?

போகும்போது என் கீபோர்டு மேல் ஒரு தாளை மடித்து வைத்துவிட்டுப் போனார். பிரித்தேன். வாத்தியார் கையால் எழுதிய மூலப் பக்கம். 'நொதிகள் பெரும்பாலும் புரதங்களே, சில ஆர்.என்.ஏ.க்களும் நொதிகளே.' சிவப்பு மையில் ஒரு வட்டம். ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்ததென்று அதைச் சுருக்கியவன் நான்; சுருக்கியதையே மறந்திருந்தேன். போன் போட்டிருந்தால் போயிருப்பது என் வேலை.

வட்டத்துக்குக் கீழே அக்கா எழுதியிருந்தார்: 'கிழிச்சிடு நைனா.'

யாரைக் கேட்டு இப்படிச் செய்தார்? கோபம் இன்னும் ஆறவில்லை. தாளையும் கிழிக்கவில்லை. இப்போதும் ஒரு வரி வழியும்போதெல்லாம் வெட்டப் போன கை நின்றுவிடுகிறது, பின்னாலிருந்து "ஸ்டாப்!" என்று யாராவது கத்த மாட்டார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.